செல்லத்தாயின் கழுத்தும் அன்னக்கிளியின் கையும்

மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் நின்றால் மனுஷன் கெட்டுப்போவான். நான் அப்படிக் கெட்டவன். பெயர் சத்தியநேசன். குழித்துறைக்குப் பக்கத்தில், ஆற்றுக்கு இக்கரையில் இருக்கிற ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மூன்று வேளையும் ஒழுங்காக மிக்சர் குடித்தேன் என்று நோயாளி தலையில் கைவைத்துச் சொல்லுவான். குப்பியின் பக்கவாட்டில் நான் ஒட்டிவிட்ட காகிதக் குறியைப் பார்த்தால், மருந்து ஒரே நாளில் வாழை மரத்தடியில் கொட்டப்பட்டிருப்பது தெரியும். ஆகவே யார் எது சொன்னாலும் நான் பாதிதான் நம்புவேன். என்னையும் மிஞ்சிய சந்தேகப் பிராணி ஒன்று விளவங்கோடு தாலுகாவில் உண்டு என்பது, செல்லத்தாய் எங்கள் ஆஸ்பத்திரிப் படியேறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

செல்லத்தாய் மரச்சீனிக் கிழங்கு வியாபாரி. மரவள்ளியை எங்கள் பக்கத்தில் மரச்சீனி என்போம். யுத்தம் முடிந்தும் அரிசி தட்டுப்பாடு தீராத அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துச் சனங்கள் கிழங்கைத் தின்றுதான் உயிரோடிருந்தார்கள். அவள் புருஷன் சுயம்புலிங்கம் மலையடிவாரத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கிழங்கு போடுவான். பச்சைக் கிழங்கை அவள் குழித்துறைச் சந்தையில் விற்பாள். மிஞ்சியதைச் சீவி, பாறையில் காயப்போட்டு மழைக்காலத்துக்கு விற்பாள். மற்றவர்களிடம் கிழங்கு வாங்கும்போது, "கசக்காது" என்று அவர்கள் சத்தியம் செய்தாலும் விடமாட்டாள். ஒடித்துப் பார்த்து, பல்லில் வைத்துக் கடித்துத் துப்பிய பிறகுதான் மூட்டையைத் தொடுவாள். மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இது மார்த்தாண்டம் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பாள், பிறகு பக்கத்தில் இருப்பவளிடமும் கேட்பாள். இதில் பாதியை அவளே என்னிடம் சொன்னாள். மீதியைச் சுயம்புலிங்கத்திடம் தனியாகக் கேட்டு நான் சரிபார்த்துக்கொண்டேன்.

ஐம்பத்தொன்றிலோ இரண்டிலோ, இரண்டாவது பிரசவம் கழிந்து, அவளுக்கு வலி ஆரம்பித்தது. முதலில் தோள்பட்டை. பிறகு இடுப்பு, முட்டு, விரல் கணு. காலையில் பாயை விட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கவேண்டும். சீவுகத்தியைப் பிடித்தால் கை மரத்துப்போகும். வலி மட்டும் என்றால் கிழங்கு சீவுகிறவளுக்கு அது வருவதுதானே என்று விட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது. முகம் ஊதியது, குரல் ஆம்பிளைக் குரல்போலத் தடித்தது, தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. கழுத்தின் முன்பக்கம் மெல்ல ஒரு வீக்கம் எழும்பியது. அந்திக்கு விளக்கேற்றும் முன்பே தூங்கிவிழுவாள். சந்தையில் பேரம் பேசும்போது பதில் வர நேரமானது. வாங்க வந்தவர்கள் அடுத்த கூடைக்குப் போனார்கள். ஊர் இதற்கு ஒரே பெயர்தான் வைத்தது. மடி பிடித்துவிட்டது என்றார்கள். வேலை செய்யச் சோம்பல் என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு அது வலியைவிட வலித்தது.

அவளுக்கு ஒரு தங்கை, அன்னக்கிளி. சுயம்புலிங்கத்தின் தம்பியைத்தான் அன்னக்கிளி கட்டியிருந்தாள். அக்காளும் தங்கையும் ஒரே வளாகத்தில் இரண்டு வீடு, ஒரே முற்றம், ஒரே கிணறு. அக்காளுக்கு முடியாமல் போன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் கோரியது அன்னக்கிளி. அக்காளின் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் அவள்தான். ஊரில் யாரையும் நம்பாத செல்லத்தாய் அவளிடம் மட்டும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போவாள்.

வலிக்கு முதலில் பார்த்தது கோலப்பன் ஆசான். எங்கள் பக்கத்தில் வைத்தியரை ஆசான் என்போம். எண்ணெய் தடவினார், கஷாயம் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, திரும்பவும் வந்தது. அதன்பிறகுதான் அவர் கைவிஷம் என்றார். கைவிஷம் என்பது ஆளைக் கொல்லுகிற விஷம் இல்லை என்பார்கள். வேண்டாதவர் தின்பண்டத்தில் வைத்துக் கையால் கொடுத்துவிடுவார், அது குடலில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஆளை வாட்டும் என்பது நம்பிக்கை. எடுக்க ஒரே வழி, ஆசான் கொடுக்கிற சாற்றைக் குடித்து வாந்தி எடுப்பது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை உரக்கப் பாடுகிறவர்களில் சிலர் திங்கட்கிழமை கோலப்பன் ஆசான் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

செல்லத்தாயை ஆசான் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, கண்ணை மூடிக் குலதெய்வத்தை நினைக்கச் சொன்னார். குடித்த சாறு குடலைப் புரட்டியது. வாந்தியை ஏந்தக் கமுகம்பாளையை அவளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து அவள் கண்ணைத் திறந்தபோது, ஒரு குச்சியால் கிளறி, கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டினார். அதில் நீளமாகத் தலைமுடி சுற்றியிருந்தது.

"பெண்டுகள் மட்டும் கூடியிருந்து, ஆணுங்க காணாம தின்ன பண்டம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியின் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு எரிச்சலும் வருகிறது, மெச்சவும் தோன்றுகிறது. நாஞ்சில் நாட்டில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூடி, வீட்டில் ஆண் வாசனையே இல்லாமல் செய்துகொண்டு, உப்புப் போடாத கொழுக்கட்டை அவித்துத் தின்பார்கள். அந்தக் கொழுக்கட்டையை ஆண்கள் தின்னக்கூடாது, கண்ணால் பார்க்கவும் கூடாது. அதைத் தின்னாத இந்துப் பெண் எங்கள் பக்கத்தில் அபூர்வம். யாரிடம் கேட்டாலும் "ஆமா, உண்டு" என்றுதான் பதில் வரும்.

செல்லத்தாயும் உண்டு என்றாள். ஆசான் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கடைசியாக நோன்பு நடந்தது அன்னக்கிளி வீட்டில். மாவு பிசைந்தது அவள். "இது உனக்குன்னு எடுத்து வச்சேன், தின்னு அக்கா" என்று ஒரு கொழுக்கட்டையைக் கையில் தந்ததும் அவள். அன்று சந்தோஷமாகக் கேட்ட அந்த வார்த்தையை இப்போது செல்லத்தாய் வேறு விதமாகத் திருப்பிப் பார்த்தாள். காரணமும் தேடிப்பிடித்தாள். அம்மையின் காதுப் பாம்படம் மூத்தவள் என்று தனக்கு வந்ததே, அது தங்கைக்குப் பொறுத்திருக்காது. தண்ணீர் கோரியதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் குற்றத்தை மறைக்கத்தான். இப்படி நினைக்க ஆரம்பித்தால் அன்பாகச் செய்த எல்லாமே சாட்சியாகிவிடும்.

கிணற்றடியில் வைத்து, நாலு பேர் கேட்க, செல்லத்தாய் அதைச் சொன்னாள். அன்னக்கிளி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு இசக்கியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். கை வெந்துபோயிற்று.

"விஷம் வச்ச கைக்கு கற்பூரம் சுட்டா நோவுமா?" என்றாள் செல்லத்தாய்.

அதற்குப் பிறகு ஒரே முற்றத்தில் வாழ முடியவில்லை. அன்னக்கிளியின் புருஷன் மயிலாடியில் கல்லுப் பட்டறை ஒன்றில் சுமைவேலை பிடித்துக்கொண்டு, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணனும் தம்பியும் வடசேரிச் சந்தையில் எப்போதாவது சந்தித்தால் பேசுவார்கள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

விஷம் வெளியே வந்தாயிற்று, வைத்தவளும் போயாயிற்று. தீனம் என்று நாங்கள் சொல்லுகிற நோய் மட்டும் போகவில்லை. அப்படியென்றால் விஷம் முழுசாக வரவில்லை என்று செல்லத்தாய் மேலும் இரண்டு தடவை ஆசானிடம் போய் வாந்தி எடுத்தாள். இரண்டு தடவையும் உருண்டை வந்தது, முடியும் வந்தது. அவள் மேலும் மேலும் ஊதினாள். ஐம்பத்தைந்தில் ஒருநாள், பாறையில் கிழங்கைப் பரப்பிவிட்டுக் காவலிருந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். மழை வந்து கிழங்கு முழுவதையும் அடித்துக்கொண்டு போனது. நனைந்தும் அவள் விழிக்கவில்லை. சுயம்புலிங்கம் அன்றுதான் பயந்தான். அவள் பேச்சைக் கேட்காமல் மாட்டுவண்டியில் தூக்கிப்போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

எங்கள் டாக்டரம்மாவின் பெயர் தங்கபாய். அதிகம் பேசாத மனுஷி. அவர் செல்லத்தாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், தோலைத் தேய்த்துப் பார்த்தார், புருவத்தின் நுனி உதிர்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைக் காட்டி, அதில் மண்டிபோடுவதுபோல முட்டுக்குத்தி நிற்கச் சொன்னார். பாதம் வெளியே தொங்கவேண்டும், குதிநரம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதற்கு. இது செல்லத்தாய்க்குத் தெரியாதே.

"என்னத்துக்கு முட்டுக்குத்தச் சொல்லுதிய? தீனத்தச் சாக்காட்டி என்ன வேதத்துல சேக்கப் பாக்குதியளா?" என்றாள்.

தன்னைக் கிறிஸ்தவளாக்கி ஜெபம் செய்யவைக்கத்தான் முட்டுக்குத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் நாற்காலியில் ஏறி முட்டுக்குத்தி நின்றேன். டாக்டரம்மா என் குதியில் தட்டினார், என் பாதம் வெட்டி இழுத்துச் சட்டென்று திரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் செல்லத்தாய் ஏறினாள். அவளுடைய பாதமும் இழுத்தது. ஆனால் திரும்புவதற்கு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல நேரம் எடுத்தது. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி உண்டு. அடுப்புக்கு விறகு தள்ளுத மாதிரி தேகத்துக்குச் சூடும் சுறுசுறுப்பும் தாறது அதுதான். உனக்கு அது மந்தமாயாச்சு" என்றார் டாக்டரம்மா. "மடி ஒண்ணும் இல்ல உனக்கு. தீனம்."

மடி இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் செல்லத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் பழைய ஆளாகிவிட்டாள். மாத்திரையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்.

"இது எதுல உண்டாக்கினது?"

"ஆட்டுக்க கழுத்துச் சுரப்பியை உணக்கிப் பொடிச்சது" என்றேன்.

"கழுத்துக்குக் கழுத்தா" என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அது அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். விழுங்கினாள். நானும் சும்மா விடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறாளா என்று பார்த்தேன்.

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. முதலில் குளிர் விட்டது. முகத்து ஊதல் வடிந்தது. குரல் பழையபடி கூர்மையானதைச் சந்தையே கேட்டது. உச்சந்தலையில் குட்டை குட்டையாக முடி முளைத்தது. வலியும் குறைந்தது, ஆனால் பாதிதான். தோளும் இடுப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. சில நாள் சும்மா இருக்கும், சில நாள் கத்தியைத் தொடவிடாது.

இங்கேதான் அவளுடைய புத்தி வேலை செய்தது. மாத்திரையில் போனது கழுத்துத் தீனம். போகாமல் நிற்பது எதுவோ, அதுதான் அன்னக்கிளி கொடுத்தது. இப்படிக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நடந்தாள். ஐம்பத்தாறு டிசம்பரில், நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள் மதராஸ்காரர்களாகிவிட்ட புதிதில், ஒருநாள் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள். நான் மருந்து அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன்.

"கழுத்து செரியாச்சு. வலி மட்டும் ஏன் போவல? அப்போ அது விஷம்தானே?"

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார். "சீமையில இருந்து வந்த ஒரு பத்திரிகையில புதுசாட்டு ஒரு விஷயம் வாசிச்சேன், செல்லத்தாயி. நம்ம தேகத்துக்குள்ள ஒரு காவல் உண்டு. வெளிய இருந்து வாற கிருமிய அடிச்சு வெரட்டுகதுதான் அதுக்க சோலி. சிலவியளுக்கு அந்தக் காவலுக்கே ஒரு சம்சயம் வந்திருமாம். சொந்தக் கழுத்துல இருக்கிய சுரப்பியை வெளியாளுன்னு நெனச்சு அடிக்கும். அடிபட்டு அடிபட்டு அது வீங்கும், பொறவு வாடிப்போவும். உனக்கும் அப்பிடித்தான்னு நான் நெனைக்கேன்."

"அப்போ யாரும் ஒண்ணும் தரலியா?"

"ஒருத்தரும் தரல. உனக்க தேகம்தான் சம்சயப்பட்டிருக்கு."

செல்லத்தாய் லேசில் விடுகிறவளா. "நீங்க நெனைக்கிய. அதக் கண்டுபிடிக்க வழி உண்டா?"

"ரத்தத்த எடுத்துப் பாக்க அங்க ஒரு பரிசோதனை உண்டாக்கியிருக்காவ. நம்ம பக்கம் வர நாளாவும்."

"வந்தா, இந்த வலியும் அதுனாலதான்னு அதுல தெரியுமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டு டாக்டரம்மா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தெரியாது. தேகம் கழுத்த அடிக்குதா இல்லியான்னுதான் அது சொல்லும். வலியில அதுக்குப் பங்கு எம்புடுன்னு சொல்லாது. சுரப்பி மந்தமானா தேகம் நோவும். அந்த நோவு மாத்திரையில குறைஞ்சாச்சு. மிச்சம் நிக்கியது வேற தீனமாட்டு இருக்கலாம். இத்தற வருஷம் குனிஞ்சிருந்து கிழங்கு சீவினதும் ஆவலாம். ரெண்டும் கலந்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. வலிக்கு ஒத்தடம் உண்டு, தைலம் உண்டு. வேலையையும் கொஞ்சம் மாத்திப் பாப்போம். குறையும். முழுசா போவும்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு, புறப்பட எழுந்தவளிடம் கேட்டார்: "உனக்க அம்மைக்கோ கூடப்பிறந்தவியளுக்கோ இப்பிடி உண்டா? இது சில குடும்பத்துல அடுத்தடுத்து வரும்."

செல்லத்தாயின் அம்மை சித்திரையிலும் போர்த்திக்கொண்டு கிடந்தவள். தடித்த குரல். அவளையும் ஊர் மடிச்சி என்றுதான் ஏசியிருக்கிறது. அதை டாக்டரம்மாவிடம் சொன்னாள். "கூடப்பிறந்தது ஒருத்தி உண்டு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

மாத்திரை வாங்க என்னிடம் வந்தவள் பொட்டலத்தை எடுக்காமல் நின்றாள்.

"கம்பவுண்டரே, எனக்கு தீனம் வந்த பொறவு தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு இந்த டாக்டரம்மாதான்."

"அதுனால?"

"பொய் சொல்லுகதா இருந்தா இதவிட நல்ல பொய்யாட்டு சொல்லியிருக்கலாம்லா. ஆசானுக்கு எல்லாம் தெரியும். பெண்ணு கைன்னு தெரியும், பண்டம் எதுன்னு தெரியும். எப்பிடித் தெரியும்?"

இத்தனை வருஷம் கழித்துக் கேட்கவேண்டிய கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வாரமே யாரிடமும் சொல்லாமல் அவள் கோலப்பன் ஆசானிடம் போனாள். பழைய வலி என்றாள். பழைய சாற்றைக் குடித்தாள். கண்ணை மூடச் சொன்னார், மூடவில்லை. முதல் மூன்று தடவையும் மூடியிருந்தாள். ஒடித்துக் கடிக்காமல் ஒரு கிழங்கை வாங்காதவள், அந்த ஒரு இடத்தில் மட்டும் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை. இந்தத் தடவை முந்தானை மறைவில் பார்த்துக்கொண்டே இருந்தாள். உருண்டை ஆசானின் வேட்டி மடிப்பிலிருந்து பாளைக்குள் இறங்கியது.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசான் அசரவில்லை. "முடியைக் காட்டலேன்னா நீங்க ஆரும் நம்ப மாட்டிய. நம்பலேன்னா தீனம் போவாது" என்றாராம்.

"அப்போ எனக்க தங்கச்சி?"

"நான் ஆருக்க பேரையும் சொல்லலியே, பிள்ளே. பேரு சொன்னது நீதான்."

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, இதையெல்லாம் அவள் சொன்னாள். புருஷன் வடசேரியில் தம்பியைப் பார்த்ததாகவும், அன்னக்கிளி சில மாசமாக வெளியே வருவதில்லை, குரல் போய்விட்டது, எந்நேரமும் உறக்கம் என்று தம்பி சொன்னதாகவும் சொன்னாள். ஒருகாலத்தில் தனக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் தனியா போனா கதவத் தொறக்க மாட்டா. நீரு கூட வாரும். ஆசுபத்திரி ஆளுன்னா தொறப்பா."

போனேன். மயிலாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து உளிச்சத்தம்தான். அன்னக்கிளியின் வீடு பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு வரிசையில் இருந்தது. உச்சி வெயிலில், வாசலில், போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதி, புருவ நுனி உதிர்ந்து, கழுத்தில் வீக்கம். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. "வா" என்றாள், தடித்த குரலில். என்னை யார் என்று கேட்டாள். சொன்னேன்.

செல்லத்தாய் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். "அன்னம், நான் ஆசான்ட்ட திரும்பவும் போனேன். கண்ணைத் தொறந்து வச்சிட்டிருந்தேன். முடி அவருக்க முண்டுல இருந்து வந்தது. நீ ஒண்ணும் தரல."

"நான் தரலங்கது எனக்குத் தெரியுமே" என்றாள் அன்னக்கிளி.

பட்டறையில் யாரோ கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டா? எம்பேர ஆசான் சொன்னாரா?" என்று அன்னக்கிளி கேட்டாள்.

செல்லத்தாய் ஆமா என்று சொல்லியிருக்கலாம். அங்கே ஆசான் இல்லை, மறுத்துப் பேச ஆளில்லை. நான் வாயைத் திறக்கப்போவதுமில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

"இல்ல. நான்தான் சொன்னேன்."

அன்னக்கிளி மெதுவாகத் தலையை ஆட்டினாள். "இத்தற நாளும் நான் ஆசானை ஏசிட்டு இருந்தேன்" என்றாள்.

செல்லத்தாய் தங்கையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கும் எனக்க தீனம்தான், மக்கா. அம்மைக்கும் இதுதான் இருந்திருக்கும். மடி இல்ல, தீனம். மாத்திரை உண்டு. நாளைக்கே ஆசுபத்திரிக்கு வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

அன்னக்கிளி அவளுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். "மாத்திரையை ஆரு தருவா?"

"டாக்டரம்மா எழுதுவாவ. எடுத்துத் தாறது நான்" என்றேன்.

"நீரு தருவீருன்னா வாறேன். இவளுக்க கையால வேண்டாம்."

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். சரி என்றாள். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடவேண்டும் போலிருந்தது. ஆனால் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அன்னக்கிளி சுவரைப் பிடித்து உள்ளே போய், அடுப்பு மூட்டி, வெகுநேரம் கழித்து இரண்டு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

எனக்கு உள்ளதை நேராக என் கையில் தந்தாள். அக்காளுக்கு உள்ளதைத் தரவில்லை. செல்லத்தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். கழுத்து வீக்கத்துக்குள் அது ஏறி இறங்குவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தம்ளரை அக்காளுக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவல. இனி நீ குடிக்கலாம்" என்றாள்.

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடுதான் சொன்னாள். செல்லத்தாய் தம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். அழுதுகொண்டேதான் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் அவள் குடித்து முடிப்பதை அன்னக்கிளி நின்று பார்த்தாள்.